கல்யாண வெள்ளிவிழாவுக்கு மும்பை: தக்கலை அண்ணாச்சிக்கு ஒரு பதில்

"ஜனவரி கடைசி வாரத்தில் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் நிறைகிறது. பிள்ளைகள் ரெண்டு பேரும் பணம் போட்டு எங்களை மட்டும் எங்காவது அனுப்பி வைக்கிறார்கள். பெரிய நகரமாக இருக்கட்டும் என்கிறாள் வீட்டுக்காரி. சென்னையா, பெங்களூரா, மும்பையா? நாலு நாள் கிடைக்கும். எனக்கு 53, அவளுக்கு 48, கொஞ்சம் முட்டுவலி உண்டு. இந்தி தெரியாது. செம்பூரில் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது, அங்கே தங்கலாமா?" இதுதானே அண்ணாச்சி, தக்கலையிலிருந்து நீங்கள் கேட்டது.

மும்பைக்குப் போங்கள். செம்பூரில் தங்காதீர்கள். ரெண்டுக்கும் காரணம் சொல்கிறேன். மும்பையில் பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குப்பை கொட்டிவிட்டு இப்போது நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை நமக்கு வேலைக்குப் போகிற ஊர். ஆஸ்பத்திரி, விசா, கல்யாண வீடு, மகனுக்கு வீடு பார்ப்பது என்று ஏதாவது ஒரு காரியம் இல்லாமல் நாம் எழும்பூரில் இறங்கியது கிடையாது. 2024 ஆகஸ்ட் 31 அன்று நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கிய பிறகு அது இன்னும் பக்கத்து ஊர் ஆகிவிட்டது. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகலாம், கல்யாண நாளைக் கொண்டாட வண்டி நகராத சில்க் போர்டு சிக்னல் தோதான இடம் இல்லை. மும்பை அப்படி இல்லை. இந்தியாவில் வேறெங்கும் பார்க்க முடியாத சில சங்கதிகள் ஒரே இடத்தில் நடக்கிற தூரத்துக்குள் கிடக்கின்றன. அதைவிடப் பெரிய லாபம், அங்கே உங்களை ஒருத்தருக்கும் தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். தக்கலையில் நீங்களும் மைனியும் சேர்ந்து கடைத்தெருவில் பத்து நிமிஷம் நடந்தால் நாலு பேர் நிறுத்தி, "என்ன ரெண்டு பேரும் சேந்து, விசேஷமா?" என்று கேட்பார்கள். 25 வருஷமாக நீங்கள் யாருக்கோ அப்பா, யாருக்கோ மச்சான், சங்கத்தில் பொருளாளர். மைனி யாருக்கோ மருமகள், யாருக்கோ டீச்சர். நாலு நாள் யாருக்கும் யாரும் இல்லாமல் ரெண்டே ரெண்டு பேராக இருப்பதற்குத்தான் பிள்ளைகள் பணம் தருகிறார்கள். அதைக் கொண்டுபோய் சித்தப்பா மகன் வீட்டு வரவேற்பறை சோபாவில் வைத்தால் என்ன ஆகும்? காலையில் அவர்கள் வீட்டு இட்லி, பகலில் உங்களைச் சுற்றிக் காட்ட அவர் லீவு போட்ட கணக்கு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை பூர்விகச் சொத்து விவகாரம். மும்பையில் சொந்தக்காரன் இல்லாத வீடு குமரி மாவட்டத்தில் அபூர்வம். செம்பூர், டோம்பிவிலி, கல்யாண், நவி மும்பை என்று எல்லாத் திசையிலும் நம் ஆட்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொருவர் வீட்டுக்குப் போகாமல் வந்தால் அந்த மனஸ்தாபம் அடுத்த வெள்ளிவிழா வரை நிற்கும். யாருக்கும் சொல்லாமல் போய்விட்டு வாருங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும். நேந்திரம் சிப்ஸ், கருவாடு, மட்டிக் குலை எல்லாம் கட்டித் தூக்குகிற வேலையும் மிச்சம். (மட்டிப்பழம் மட்டும் ரயிலில் தின்ன ஒரு சீப்பு வைத்துக்கொள்ளுங்கள். தோல் மெலிசு, ரெண்டாம் நாள் தாங்காது.)

இனி எதைப் பார்க்க வேண்டாம் என்பது. ஜூஹு கடற்கரை வேண்டாம், சங்குத்துறையில் இல்லாத என்ன அங்கே இருக்கிறது? சஸ்ஸூன் டாக்கில் விடியற்காலை மீன் ஏலம் பார்க்கச் சொல்வார்கள். 1875இல் கட்டிய பழைய துறைதான், படம் பிடிக்கிறவர்களுக்கு நல்ல இடம். குளச்சலிலும் முட்டத்திலும் பார்க்காத ஏலமா? தாராவியைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அங்கே இருப்பவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் ஏகப்பட்ட பேர், அவர்கள் காட்சிப்பொருள் இல்லை. நடிகர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

போகும் வழி. போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கே நேரடி ரயில்கள் இருக்கின்றன. மதுரை வழியாகப் போய் ஆந்திரத்தைக் கடந்து புனே வழியாகச் சேரும். வெயிலும் கரிசலும் பார்த்துக்கொண்டே ஒன்றரை நாள். கல்யாண நாளுக்கு அது வேண்டாம். திருவனந்தபுரம் போய் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் பிடியுங்கள். காலையில் புறப்பட்டு மறுநாள் சாயங்காலம் குர்லாவில் உள்ள லோகமான்ய திலக் டெர்மினஸ் சேரும். கேரளத்தைப் பகலில் பார்த்துவிடலாம், மங்களூரைத் தூக்கத்தில் தாண்டிவிடலாம், விடியும்போது கோவா பக்கம் இருப்பீர்கள். அங்கிருந்து பன்வேல் வரை கொங்கண் ரயில் பாதை முழுக்கப் பகல் வெளிச்சத்தில் வரும். 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையும் திறக்கப்பட்டது. தொண்ணூறுக்கு மேல் குகைகள். ரத்னகிரி பக்கம் கர்புடே குகை ஆறரைக் கிலோமீட்டர் நீளம், உள்ளே போனால் வெளியே வரச் செத்த நேரம் ஆகும். அதே பக்கத்தில் பான்வல் நதிப் பாலத்தின் உயரம் 64 மீட்டர். கீழே பார்த்தால் தென்னை மரம் துடைப்பக்குச்சி மாதிரி தெரியும். ஜனவரியில் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், மழைக்காலத்துப் படங்களைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். ஆனாலும் மலை, குகை, ஆறு, கழிமுகம் என்று மாறி மாறி வரும்போது புத்தகம் எதுவும் தேவைப்படாது. ரெண்டு பேரும் வேறு வேலை இல்லாமல் ஒரு முழுப் பகல் எதிரெதிரே உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினீர்கள்?

திரும்ப விமானத்தில் வாருங்கள், திருவனந்தபுரத்துக்கு ரெண்டேகால் மணி நேரம். மும்பை விமான நிலையத்துக்கு இப்போது டாக்சிக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நிலத்தடி மெட்ரோ மூன்றாம் பாதை, ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்துவிட்டார்கள். சர்ச்கேட்டிலோ ஹுதாத்மா சௌக்கிலோ ஏறி நேரே டெர்மினலில் இறங்கலாம்.

தங்குவது தென் மும்பையில்தான் இருக்க வேண்டும். கோட்டை, கொலாபா, சர்ச்கேட், மரைன் லைன்ஸ், இந்த வட்டத்துக்குள் எங்காவது. அந்தேரியில் பாதி விலைக்கு ரெட்டிப்பு அறை கிடைக்கிறது என்று பிள்ளைகள் போனைக் காட்டுவார்கள், கேட்காதீர்கள். மும்பை தெற்கு வடக்காக நீண்ட ஊர். காலையில் ஊரே தெற்கு நோக்கி வேலைக்கு வரும், சாயங்காலம் வடக்கு நோக்கித் திரும்பும். நீங்கள் தெற்கே தங்கினால் காலையில் வடக்கே போகிற ரயிலும் மாலையில் தெற்கே வருகிற ரயிலும் காலியாகக் கிடைக்கும், எப்போதும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள். வடக்கே தங்கினால் அந்தப் பிரளயத்தோடு சேர்ந்து போக வேண்டும். மரைன் டிரைவில் கடலைப் பார்த்த பழைய ஓட்டல்கள் ரெண்டு மூன்று இருக்கின்றன, அறை பழசு, ஜன்னல் அருமை. மேடம் காமா ரோட்டில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லமும் துப்புரவான இடம். எங்கே எடுத்தாலும் அறையில் ஜன்னல் உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள். மும்பையில் ஜன்னல் இல்லாத அறையையும் அறை என்றுதான் விற்பார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: தென் மும்பையில் ஆட்டோ கிடையாது, பாந்த்ராவுக்கும் சயனுக்கும் வடக்கேதான் ஓடும். இங்கே மீட்டர் போட்ட கறுப்பு மஞ்சள் டாக்சி. நம் ஊர் ஆட்டோக்காரரிடம் பேசுவது மாதிரி முன்கூட்டி ரேட் பேச வேண்டாம், மீட்டரைக் காட்டினால் போதும்.

முதல் நாள் களைப்புத் தீர்ந்த பிறகு நடங்கள். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் தொடங்குங்கள். பழைய பேர் விக்டோரியா டெர்மினஸ், ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வரைந்து 1887இல் முடித்தது, 2004இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். எல்லாரும் எதிரே நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் வாசல் தூண்களுக்குப் பக்கத்தில் போங்கள். ஒரு தூணில் சிங்கம், மறு தூணில் புலி. சிங்கம் இங்கிலாந்து, புலி இந்தியா. அப்புறம் சுவரில் கண்ணை ஓட்டினால் குரங்கு, மயில், இலை, கொடி, ஏதேதோ தலைகள் என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் தூண் தூணாகப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு, ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இதெல்லாம் செய்து வைத்திருப்பது ஒரு ரயில்வே ஆபீசுக்கு என்பதுதான் ஆச்சரியம். ராத்திரி விளக்குப் போட்ட பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

அங்கிருந்து ஓவல் மைதானம் வரை நடக்கலாம். மைதானத்தின் நடுவே நின்றால் ஒரு பக்கம் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு என்று கல்லில் இழைத்த விக்டோரியா காலத்துக் கட்டடங்கள். எதிர்ப்பக்கம் 1930களில் வந்த, மூலை வளைந்த, பால்கனி வைத்த ஆர்ட் டெகோ வீடுகள். ரெண்டு காலமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் பத்து டீம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். இந்த ரெண்டு வரிசையும் சேர்த்து 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மணிக்கூண்டைக் கட்டப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்த் தன் அம்மா பேரை அதற்கு வைத்தார், 1878இல் முடிந்தது. பக்கத்திலேயே காலா கோடா. ஜனவரி கடைசி, பிப்ரவரி முதலில் அங்கே தெருவை அடைத்துக் கலைவிழா நடக்கும், அனுமதி இலவசம், உங்கள் தேதியோடு ஒத்துவர வாய்ப்பு இருக்கிறது. ஜெஹாங்கீர் ஓவியக் கூடமும் இலவசம். அதை ஒட்டியே சத்ரபதி சிவாஜி மியூசியம், 1922இல் திறந்தது. எல்லா அறையையும் பார்க்கிறேன் என்று மைனியின் முட்டுவலியைச் சோதிக்க வேண்டாம். சிற்பக் கூடம், சின்ன ஓவியங்கள், ரெண்டும் போதும்.

எலிபெண்டா தீவின் குகைக் கோயிலுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள், இந்தப் பயணத்தில் நான் வற்புறுத்துகிற ஒரே இடம். கேட்வே ஆஃப் இந்தியா வளைவுப் பக்கமிருந்து படகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பூம்புகார் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற அவசரமும் தள்ளுமுள்ளும் கிடையாது, மேல்தட்டில் உட்கார்ந்து கடற்பறவைகளைப் பார்த்துக்கொண்டு போகலாம். காலை ஒன்பது மணியை ஒட்டிய முதல் படகைப் பிடியுங்கள். இறங்கியதும் ஒரு குட்டி ரயில், அப்புறம் 120 படி. ரெண்டு பக்கமும் கடைகள் இருப்பதால் நின்று நின்று ஏறலாம், முடியாவிட்டால் டோலி உண்டு. சாப்பாட்டுப் பையைக் கையில் வெளியே தெரியப் பிடிக்காதீர்கள், குரங்குகள் விவரமானவை.

குகைக்குள் எல்லாரும் நேரே மூன்று முகச் சதாசிவரிடம் போவார்கள். போக வேண்டியதுதான், ஏறக்குறைய 18 அடி உயரம். இருட்டுக்குக் கண் பழகப் பழக முகம் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுவில் தியானம், ஒரு பக்கம் உக்கிரம், மறு பக்கம் பெண்மை கலந்த சாந்தம். ஆறாம் நூற்றாண்டு வேலை. ஆனால் கல்யாண நாளுக்குப் போகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, சிவபார்வதி கல்யாணம். பார்வதி சிவனுக்கு வலப்பக்கம் நிற்கிறாள், மணப்பெண்ணின் இடம் அது. தலை லேசாகக் குனிந்திருக்கும். பின்னால் நிற்கும் அப்பா, "போ மக்களே" என்பது மாதிரி அவளை மெல்ல முன்னால் நகர்த்துகிறார். கீழே தீ வளர்த்துக்கொண்டு பிரம்மா உட்கார்ந்திருக்கிறார். சந்திரன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நிற்கிறான். கால்கள் பல இடத்தில் உடைந்து போயிருக்கின்றன, அந்தக் குனிந்த தலை உடையவில்லை. மதுரைக் கோயிலில் கம்பத்தடி மண்டபத்தில் பார்த்த திருக்கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மீனாட்சி நடுவில் நிற்க அண்ணன் பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கிறார், அரசி வீட்டுக் கல்யாணம். இது மலையடிவாரத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி, சத்தம் இல்லாமல் நடக்கிறது.

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் யோசித்துப் பார்த்தால் இந்தச் சிற்பம் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை புறப்பட்டு வர, நாரதர் சேவலாகக் கூவி நடுராத்திரியை விடியலாக்க, வழுக்கம்பாறையோடு ஊர்வலம் திரும்பிப் போய்விட்டது என்றும், கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த அரிசியும் பருப்பும்தான் குமரிக் கடற்கரையில் நிறம் நிறமாக மணலாகக் கிடக்கிறது என்றும் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? நின்றுபோன கல்யாணத்தின் ஊரிலிருந்து போய், நடந்து முடிந்த கல்யாணத்தின் முன்னால் நிற்கிறீர்கள். எந்த மதக்காரராக இருந்தாலும் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நிற்கலாம்.

அதே கேட்வே பக்கம் திரும்பி வந்து இறங்கியதும் நேர் எதிரே தாஜ் ஓட்டல். 1903இல் ஓட்டல் வந்துவிட்டது, கேட்வே முடிந்தது 1924இல்தான். 1948 பிப்ரவரி 28 அன்று வெள்ளைக்காரப் படையின் கடைசிப் பிரிவு அந்த வளைவுக்குள் நடந்து கப்பலேறிப் போனது. கல்யாண நாள் அன்று மத்தியானம் தாஜில் முதல் மாடி சீ லவுஞ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டீ குடிக்க முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லி மகளிடம் சொல்லுங்கள். பில்லைப் பார்த்து மைனி, "இந்தக் காசுக்கு வீட்டில் ஒரு மாசம் பால் வாங்கலாம்" என்பார். வாங்கலாம்தான். 25 வருஷமாக வாங்கியாயிற்றே.

லோக்கல் ரயிலுக்கு வருகிறேன். அதில் ஏறாமல் மும்பை போய் வந்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இதே ஊரில் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடியது, அந்தப் பாதையில்தான் இன்றும் மத்திய ரயில்வே லோக்கல் ஓடுகிறது. காலை பதினொன்றுக்கு மேல், மாலை நாலுக்கு முன்னால் ஏறுங்கள். ஸ்லோ வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், ஃபாஸ்ட் நிற்காது. பலகையில் பார்த்து ஏறுங்கள். பெண்கள் பெட்டி தனியாக உண்டு என்று மைனியை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் வேறு பெட்டியில் ஏறாதீர்கள், ரெண்டு பேரும் பொதுப் பெட்டிதான். முதல் வகுப்போ ஏ.சி. லோக்கலோ எடுத்தால் இன்னும் சௌகரியம். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷனிலேயே வாசலுக்கு நகர வேண்டும், நம் ஊர் பஸ் மாதிரி நின்ற பிறகு எழுந்தால் வண்டி புறப்பட்டுவிடும். வண்டி நின்றிருப்பது அரை நிமிஷம் இருந்தால் பெரிது. வாசலில் நிற்கிற பையன், "தாதர் உதர்னா?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேட்டால் உதவி செய்கிறான் என்று அர்த்தம், தலையை ஆட்டுங்கள். இந்தி இவ்வளவு போதும்.

மாட்டுங்காவுக்கு அதில் போங்கள். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து ஸ்லோ வண்டி. மாட்டுங்கா வேறு, மேற்கு ரயில்வேயில் இருக்கும் மாட்டுங்கா ரோடு வேறு, குழம்பாதீர்கள். 2017இல் ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து டிக்கெட் கவுன்டர் வரை பெண்களே நடத்துகிற ஸ்டேஷனாக மாறியது இந்த மாட்டுங்காதான், மைனியிடம் சொல்லுங்கள். வெளியே வந்தால் வாழைப்பூ, முருங்கைக்காய், மல்லிகைப்பூ, காப்பித்தூள் என்று மார்க்கெட்டே தமிழ் பேசும். ராம நாயக் உடுப்பியில் 1942இலிருந்து வாழையிலையில் சாப்பாடு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ் 1940இலிருந்து. மும்பைக்குப் போயும் இட்லியா என்று இப்போது சிரிப்பீர்கள். மூன்றாம் நாள் நாக்கு தானாக அந்தப் பக்கம் இழுக்கும். சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் தட்டும், அது உடுப்பிக் கைப்பக்குவம், குறை சொல்லக் கூடாது.

மற்ற நாளில் மீன் தின்னுங்கள். கோட்டைப் பக்கம் மங்களூர்க்காரர்கள், மால்வண்காரர்கள் நடத்துகிற கடைகள் நிறைய. அவர்கள் சுர்மை என்பது நம்ம நெய்மீன். போம்பில் என்று ஒன்று, ரவையில் புரட்டி மொறுமொறு என்று பொரித்துத் தருவார்கள், உள்ளே வெண்ணெயாக இருக்கும், அதை ஊரில் தின்றிருக்க மாட்டீர்கள். சாப்பாட்டுக்குக் கடைசியில் ரோஜா நிறத்தில் சோல்கடி வரும். தேங்காய்ப்பாலில் கோகம் ஊறவைத்து, பூண்டும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டது. கோகம் நம்ம மேற்குப் பக்கம் மீன்கறிக்குப் போடும் குடம்புளியின் நெருங்கிய சொந்தம். மைனி ஒரு வாய் குடித்துவிட்டு, இதை வீட்டில் செய்துவிடலாம் என்பார் பாருங்கள். ஈரானிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய இரானி டீக்கடைகள் மறைந்துகொண்டிருக்கின்றன. தோபி தலாவில் 1904இல் தொடங்கிய கியானியில் காலை நேரம் போய் ப்ரூன் மஸ்கா கேளுங்கள். மேல்தோல் உடைகிற பன்னில் வெண்ணெய் தடவித் தருவார்கள், டீயில் முக்கித்தான் தின்ன வேண்டும், சும்மா கடித்தால் பல் போகும். மத்தியானம் பல்லார்டு எஸ்டேட்டில் பிரிட்டானியா, 1923இலிருந்து இருக்கிறது, பெர்ரி புலாவ் வாங்குங்கள்.

சேலை வாங்காமல் மைனி வர மாட்டார், வாங்குவதென்றால் பைட்டணி வாங்குங்கள். நாசிக் மாவட்டத்து யேவலாவில் நெய்வது, தாதர் மேற்கில் கடை கடையாக இருக்கும். கடைக்காரர் முந்தானையை விரித்து மயிலைக் காட்டுவார். நீங்கள் கரையைப் புரட்டிப் பின்பக்கம் பாருங்கள். கைத்தறிப் பைட்டணியில் பின்பக்கமும் அதே மயில், அதே சுத்தம், நூல் தொங்காது. மிஷினில் நெய்ததில் பின்னால் நூல் ஓடிக் கிடக்கும். புரட்டுகிற கையைப் பார்த்ததுமே கடைக்காரர் வேறு அடுக்கிலிருந்து எடுத்துப் போடத் தொடங்குவார். விலை யானை விலைதான். மிஷின் சேலையை மிஷின் சேலை விலைக்கு வாங்குவதில் தப்பில்லை, கைத்தறி விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவே.

சாயங்காலங்களை ஒன்றும் திட்டமிடாமல் விட்டுவிடுங்கள். மரைன் டிரைவ் போங்கள். அஸ்தமனம் பார்க்க அங்கே போக வேண்டாம், அதே அரபிக்கடல் அஸ்தமனம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. இருட்டிய பிறகு போங்கள். கடலைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கல்லூரிப் பிள்ளைகளும் கிழவன் கிழவிகளும் ஜோடி ஜோடியாக அந்தச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் கையைப் பிடித்து நடக்கக் கூச்சப்படுகிற ஆள் நீங்கள் என்றால் அங்கே பிடித்துக்கொள்ளலாம். அந்த வளைவின் தெற்கு முனையில் என்.சி.பி.ஏ. அரங்கம், ஒரு நாள் இந்துஸ்தானிக் கச்சேரியோ மேற்கத்திய இசையோ என்ன இருக்கிறது என்று பாருங்கள், பாஷை வேண்டாத நிகழ்ச்சி. சினிமா ஆசை இருந்தால் மும்பை சென்ட்ரல் எதிரே மராத்தா மந்திர் இருக்கிறது. 1995 அக்டோபரில் வந்த ஓர் இந்திக் காதல் படம் கொரோனா காலம் தவிர மற்றபடி அங்கே தினசரி ஒரு காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்கு முந்தின படம், பேரைப் பிள்ளைகள் சொல்வார்கள்.

சாமி கும்பிட வேண்டுமென்றால் பாந்த்ராவில் மவுன்ட் மேரி, பிரபாதேவியில் சித்தி விநாயகர். செவ்வாய்க்கிழமை சித்தி விநாயகரைத் தவிர்த்துவிடுங்கள், வரிசை நகராது. ஹாஜி அலிக்குப் போகிற நடைபாதை கடலேற்றத்தில் மூழ்கும், நேரம் கேட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மணிக்கொரு தடவை வீடியோ காலில் "இப்ப எங்க நிக்கிறீங்க" என்று கேட்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

நாட்களை அடுக்கும்போது ரெண்டைக் கவனியுங்கள். எலிபெண்டா திங்கட்கிழமை விடுமுறை, சனி ஞாயிறில் படகு கொள்ளாது, ஆகவே செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக லோக்கல் வண்டிகளை மெகா பிளாக் என்று சில மணி நேரம் நிறுத்துவார்கள், அன்று மாட்டுங்கா வேண்டாம், கோட்டைப் பகுதியில் நடங்கள், ரோடும் காலியாக இருக்கும். ஜனவரி 26 விடுமுறையை ஒட்டி விமானக் கட்டணம் ஏறும் என்பதால் அந்த வார நடுவில் திரும்பப் பாருங்கள். குளிர் பற்றிக் கவலை வேண்டாம், ராத்திரிக்கு ஒரு சால்வை போதும். ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, எனவே நவம்பர் கடைசியில் காலை எட்டு மணிக்கு மகன் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும். நேத்ராவதியில் ஏ.சி. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.